நோர்வேயின் வார்டோ ஊருக்கும் உறவுகளுக்கும் எங்கள் நன்றி

அன்பான உறவுகளுக்கு,

எங்கள் வீடு எரிந்த அந்த இரவைப் பற்றி இங்கே திரும்ப எழுதப்போவதில்லை. உங்களுக்கு எல்லாம் தெரியும். நாங்கள் நால்வரும் சுகமாக இருக்கிறோம், சின்னவனுக்கு இருமலும் குறைந்துவிட்டது.

அந்தக் காற்றிலும் அடுத்த வீட்டில் நெருப்புப் பிடிக்காமல் காத்த தீயணைப்புப் படையினர், உடுப்பும் சப்பாத்தும் மெத்தையும் தந்தவர்கள், மீன் ஆலையில் என் வேலையையும் சேர்த்துச் செய்தவர்கள், பிள்ளைகளின் ஆசிரியர்கள், பனிப்புயலில் மூடிய வீதி திறந்த உடனேயே வாட்சோ நகரில் இருந்து 75 கிலோமீட்டர் ஓடி, கடலடிச் சுரங்கம் தாண்டி வந்து அரிசி பருப்பு இறக்கிவிட்டுப் போன தமிழ்க் குடும்பங்கள், ஒஸ்லோவில் காசு சேர்த்தவர்கள், எல்லோருக்கும் கைகூப்புகிறோம். ஆள் ஆளாகச் சொல்லப் போனால் யாராவது விடுபட்டுப் போவீர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதிர்வீட்டு அம்மம்மாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மறுநாள் மத்தியானம் வந்தார். மத்தியானம் என்றாலும் இருட்டுத்தான்; நவம்பர் கடைசியில் போகும் சூரியன் இங்கே ஜனவரி 20 அளவில்தான் திரும்பும். கையில் ஒரு பழைய அலுமினியப் பானை. ஒரு பக்கம் நசுங்கி, ஒரு கைபிடி பிறகு மாற்றிப் போட்டது. மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு பை உப்பு, ஒரு மரக்கரண்டி, சின்னக் கத்தி ஒன்று.

"உடுப்பு எல்லோரும் தருவார்கள். உப்பு ஒருவருக்கும் ஞாபகம் வராது" என்றார்.

அப்புறம் இருந்து கதைத்தார். 1944இல் குண்டுவீச்சிலும் நெருப்பிலும் வார்டோவின் பெரும்பகுதி அழிந்தபோது அவருக்கு ஐந்து வயது. பின்வாங்கிய ஜெர்மன் படை எங்கள் பின்மார்க் மாகாணத்தில் ஊர் ஊராகக் கொளுத்திக்கொண்டு போன காலம். போர் முடிந்து, அவருடைய தாய் பிள்ளைகளோடு ஒரு கொட்டிலில் இருந்தபோது யாரோ ஒரு பெண் கொடுத்த பானையாம் அது. கொடுத்தவரின் பெயர் அவருக்கே தெரியாது. இத்தனை வருடம் கோட் மீனும் உருளைக்கிழங்கும் அவிந்த பானையில் இப்போது நாங்கள் சோறு வடிக்கிறோம்.

இதே கரையில்தான் 17ஆம் நூற்றாண்டில் அயலவர் அயலவரைச் சூனியக்காரர் என்று காட்டிக்கொடுத்தார்கள். பின்மார்க்கில் கொல்லப்பட்டவர்கள் 91 பேர், பெரும்பாலும் பெண்கள். ஊர் அதை மூடி மறைக்கவில்லை. இங்கே ஸ்டெயில்நெசெட் என்ற இடத்தில் 2011இல் திறந்த நினைவிடத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு சாளரம், ஒரு விளக்கு. எத்தனையோ முறை அந்த வழியால் நடந்திருக்கிறேன். அம்மம்மா வந்து போன பிறகு அந்த விளக்குகளைப் பார்க்கவே நெஞ்சு அடைக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் என்றால் எவ்வளவு பெரிய விஷயம்!

"ஒஸ்லோவுக்கே வந்துவிடுங்கோ" என்று சொந்தக்காரர் கேட்கிறார்கள். மீன் ஆலை வேலைக்கென்று 80களிலும் 90களிலும் இந்தப் பக்கம் வந்த எங்கள் சனத்தில் கனபேர் தெற்கே போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாங்கள் போகவில்லை. அதே காணியில் திரும்பக் கட்டுவோம். இனி அம்மம்மாவின் படியில் விழும் பனியை வழிப்பது என்னுடைய, மூத்தவனுடைய பொறுப்பு. அவருக்கும் சொல்லியாயிற்று.

இன்னும் கொஞ்ச நாளில் கோட்டையில் இருந்து பார்க்கச் சூரியன் முழுவட்டமாகத் தெரியும். அதை வரவேற்கப் பீரங்கி வெடிக்கும், பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. அன்று நாங்கள் இப்போது இருக்கும் வீட்டில் சோறும் மீன்குழம்பும். எல்லோரும் வாருங்கள். உடுப்புத் தேவைக்கு மேலே வந்துவிட்டது, ஒன்றும் கொண்டுவர வேண்டாம்.