கடல் எச்சரிக்கையைக் காமெடியாக்காதீர்கள்: தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளிலும் யூடியூப் செய்திச் சேனல்களிலும் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

எந்தச் செய்தியைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களில் சிலருக்கு இதற்குள் தெரிந்திருக்கும். இந்தச் சித்திரையில் கள்ளக்கடல் எச்சரிக்கை, அதாவது காற்றும் மழையும் இல்லாமலே கடல் திடீரென்று கரையேறும் என்ற எச்சரிக்கை, வந்த அன்று ஒரு சேனல் அரை நிமிட வீடியோ போட்டது. காமெடி நடிகர் ஒருவர் முழிக்கிற படம், பின்னால் ஒரு பாட்டு, நடுவில் பெரிய எழுத்தில் 'ஒன்றரை மீட்டர் அலைக்கா இவ்வளவு பில்டப்?' என்று ஒரு வரி. எந்த ஊரிலிருந்து எந்த ஊர் வரை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, கரையில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. அதைப் பார்த்து வேறு சேனல்களும் அதே மாதிரி போட்டன. கீழே ஆயிரக்கணக்கில் சிரிப்பு எமோஜி.

நான் கேட்பது ஒன்றுதான். கடல் எச்சரிக்கை வந்தால் அதை வந்தபடியே, முழுதாகச் சொல்லுங்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்கும் வள்ளத்தின் பதிவைப் புதுப்பிக்கவும் எங்கள் ஊர்க்காரர்கள் என் கடைக்குத்தான் வருவார்கள். ஐதராபாத்தில் இருக்கிற இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், அதாவது இன்காய்ஸ், வெளியிடும் அறிக்கையைப் பிரின்ட் எடுத்துக் கடைச் சுவரில் ஒட்டுவது என் வழக்கம். அதில் எல்லாம் தெளிவாக இருக்கும். நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை என்று இடம் இருக்கும். தேதி, மணி இருக்கும். அலையின் உயரம் மீட்டரில் இருக்கும். அதன் பக்கத்திலேயே ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே எத்தனை நொடி என்பதும் இருக்கும். நீங்கள் விட்டுவிடுவது இந்தக் கடைசி எண்ணைத்தான். கடலுக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பதும் அதைத்தான்.

ஏன் என்று சொல்கிறேன். இங்கே அடிக்கிற காற்றில் எழும் சாதாரண அலை ஆறு நொடிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஆழ்கடலில் அந்த அலையின் நீளம் 56 மீட்டர் அளவுதான். 18 நொடிக்கு ஒன்றாக வருகிற அலைக்கு நீளம் சுமார் 500 மீட்டர். உயரம் இரண்டுக்குமே ஒன்றரை மீட்டராக இருக்கலாம். முதலாவது மணலில் உடைந்து திரும்பிவிடும். இரண்டாவது அப்படி உடைந்து ஓயாது. பின்னால் இருக்கிற தண்ணீர் முன்னால் போவதைத் தள்ளிக்கொண்டே வரும்; வள்ளம் ஏற்றி வைத்திருக்கும் மேட்டைத் தாண்டும், ரோட்டைத் தொடும், திரும்பும்போது கையில் அகப்பட்டதை இழுத்துக்கொண்டு போகும். தெற்கே இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த புயற்காற்று கிளப்பிய அலை அது. பல நாள் பயணம் செய்து இங்கே வரும்போது எங்கள் ஊரில் காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும். பெரிய அலைகள் நாலைந்து சேர்ந்து வரும். அப்புறம் கொஞ்ச நேரம் கடல் குளம் போல் கிடக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அந்தக் கொஞ்ச நேரத்தை நம்பித்தான் இறங்குகிறார்கள்.

2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் 5 பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். தென்தமிழகக் கரைக்கும் கேரளக் கரைக்கும் அந்த நாட்களில் இன்காய்ஸ் எச்சரிக்கை கொடுத்திருந்தது. அந்தச் செய்தியை நீங்கள் எல்லோரும் நாள் முழுக்க ஓட்டினீர்கள். அதற்குப் பிறகும் அதே எச்சரிக்கைக்குக் காமெடி நடிகர் படம் வைக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

சரி, இந்தச் சித்திரைக்கு வருகிறேன்.

அன்று மதியம் அறிக்கையை ஒட்டினேன். ஐஸ் ஏற்ற வந்த பையன்கள் சுவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. 'இதப் பாருங்கக்கா, ஒண்ணரை மீட்டராம்' என்று போனை நீட்டி அந்த வீடியோவைக் காட்டினார்கள். நொடியைப் பாருங்கடே என்று சொன்னேன். 'டிவிலயே கலாய்க்கான், நீங்க என்னக்கா' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் மீனவர் வீட்டுப் பிள்ளைகள்தான். ஆனால் அவர்களுடைய அப்பாக்களைப் போல நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், பார்த்துக் கடலை அறிந்தவர்கள் இல்லை. போனில் வருவதைத்தான் நம்புகிறார்கள்.

ஒரு ஃபைபர் வள்ளத்தைக் கரையிலிருந்து மேட்டுக்கு இழுக்கப் பத்துப் பன்னிரண்டு ஆள் வேண்டும். தனியாளால் ஆகாது, இரண்டு பேராலும் ஆகாது. என் அண்ணன் அறிக்கையை நம்பினார். சாயங்காலம் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டார். வந்தது பக்கத்து வீட்டுப் பெரியப்பாவும் அவர் மருமகனும்தான். மற்றவர்கள் நாளைக்குப் பார்க்கலாம் என்றார்கள். மூன்று பேரும் எஞ்சினை மட்டும் கழற்றித் தூக்கி வீட்டுத் திண்ணையில் வைத்தார்கள். கோவில் மைக்கில் அறிவிப்பு வரும்போது கடல் ஏறத் தொடங்கியிருந்தது. கூப்பிட்டபோது வராதவர்கள் எல்லோரும் அப்போது ஓடி வந்தார்கள். இருட்டில், முழங்கால் தண்ணீரில், அலை தூக்கிப் போடுகிற வள்ளத்துக்குப் பக்கத்தில் எந்த மனிதனால் நிற்க முடியும்?

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். அண்ணனின் வள்ளமும் பக்கத்து வள்ளமும் ஒன்றோடு ஒன்று மோதி, அண்ணனுடையது அணியத்துக்கு, அதாவது முன்பக்கத்துக்கு, கீழே பிளந்து கிடந்தது. வலை பாதி மணலுக்குள் புதைந்திருந்தது. அண்ணி உட்கார்ந்து மணலைக் கையால் தோண்டி வலையை எடுத்துக்கொண்டிருந்தார். இழுத்தால் கிழியும் என்பதால் கண்ணி கண்ணியாக விரலால் நெம்பித்தான் எடுக்க வேண்டும். மத்தியானம் வரைக்கும் எடுத்தும் பாதிக்கு மேல் வெட்டித்தான் போட வேண்டியிருந்தது.

வள்ளத்தை ஒட்ட மீன் ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கினார் அண்ணன். முன்பணம் என்றால் என்ன என்று கடற்கரைச் செய்தி சேகரிக்கிற உங்கள் நிருபர்களுக்குத் தெரியும். அது தீரும்வரை பிடித்த மீனை அவரிடம்தான் போட வேண்டும். வெளியே நெய்மீன் என்ன விலை போனாலும் அவர் வைப்பதுதான் விலை. அதிலும் கமிஷன் பிடித்துக்கொண்டுதான் கையில் தருவார். கடன் முழுதாக அடைவதற்குள் அடுத்த பழுது வந்துவிடும். அந்த வீடியோ அரை நிமிடத்தில் முடிந்தது. அண்ணன் வீட்டில் அது இன்னும் முடியவில்லை.

உங்கள் வீடியோ வள்ளத்தை உடைத்தது என்று நான் சொல்லவில்லை. அலைதான் உடைத்தது. ஆனால் வந்திருக்க வேண்டிய பத்துப் பேரை வீட்டில் உட்கார வைத்தது அந்த வீடியோதான். அதற்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும் இல்லையா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். அமாவாசையோ பௌர்ணமியோ வந்தால் போதும், 'கன்னியாகுமரியில் கடல் உள்வாங்கியது, பொதுமக்கள் அச்சம்' என்று சிவப்பு எழுத்தில் ஓட்டுகிறீர்கள். சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் இழுக்கும் நாளில் ஏற்றமும் இறக்கமும் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும். மாதத்தில் இரண்டு முறை நடப்பது. எங்கள் ஊரில் யாரும் அதற்கு அஞ்சுவதில்லை. இறக்கத்தில் தெரிகிற பாறையில் ஏறி மட்டி பொறுக்கப் போவார்கள். ஆனால் உங்கள் செய்தியைப் பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் சொந்தக்காரர்கள் பதறிப்போய்ப் போன் செய்வார்கள். 2004 டிசம்பர் 26 அன்று கொளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் பிணங்களைத் தேடியவர்கள் அவர்கள். பதறாமல் என்ன செய்வார்கள்? பயப்பட வேண்டாததற்குப் பயமுறுத்துகிறீர்கள். பயப்பட வேண்டியதற்குச் சிரிக்க வைக்கிறீர்கள். இரண்டு நாளும் அதே கடல்தான், அதே சேனல்தான்.

கடல் கொந்தளித்து விவேகானந்தர் பாறைக்குப் படகு நிறுத்தப்படும்போதும் பாருங்கள். 'படகு சேவை ரத்து, சுற்றுலாப் பயணிகள் ஏமாற்றம்.' வருடக்கணக்காக அதே தலைப்பு. அன்றைக்குக் கடலில் இருக்கிறவனைப் பற்றி ஒரு வரி வருவதில்லை. ஒரு நாள் பாறை பார்க்க முடியாமல் போனவரின் ஏமாற்றம் செய்தி என்றால், வள்ளம் போனவனின் வாழ்க்கை எந்தப் பக்கத்தில் வரும்?

நகைச்சுவையே கூடாது என்று கேட்க நான் வரவில்லை. 2024 ஒய்ஆர்4 என்ற விண்கல் 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோத 100க்கு 3 வாய்ப்பு இருக்கிறது என்று 2025 பிப்ரவரியில் செய்தி வந்தபோது, அப்படியென்றால் வீட்டுக் கடன் தவணையைக் கட்ட வேண்டாம் என்று நாடே பேசிச் சிரித்தது. நானும் சிரித்தேன், நாலு பேருக்கு அனுப்பவும் செய்தேன். சில நாளில் கணக்கு இன்னும் துல்லியமாகி, பூமிக்கு ஆபத்து இல்லை என்றார்கள். அந்தச் சிரிப்பால் யாருக்கும் எதுவும் போகவில்லை. ஜூலை வந்தால், பூமி சூரியனை விட்டு விலகுவதால் குளிர்கிறது, ஆகஸ்ட் வரை காய்ச்சல் வரும் என்று ஒரு ஃபார்வர்டு சுற்றும். பூமி ஒவ்வொரு ஜூலையிலும்தான் சூரியனிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போகிறது. எங்களுக்கு அந்த மாதம் குளிர்வது இடவப்பாதி மழையால், அதாவது தென்மேற்குப் பருவமழையால். அதை வைத்து எத்தனை மீம் வேண்டுமானாலும் போடுங்கள், ரசிக்கிறோம். மணலில் வள்ளமும் ஆளும் இருக்கிற செய்தியில் மட்டும் வேண்டாம்.

வராமல் போன எச்சரிக்கையை வைத்துச் சிரிப்பதும் எங்களைத்தான் வந்து அடிக்கிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலநடுக்கம் வந்தது. சுனாமி எச்சரிக்கை கொடுத்தார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினோம். சாயங்காலம் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். 'வராத சுனாமி' என்று எவ்வளவு கேலி! கடலடித் தட்டு மேலும் கீழுமாக நகராமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய சுனாமி எழவில்லை. நிலநடுக்கம் வந்த சில நிமிடத்தில் அதை உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் முதலில் ஓடச் சொல்கிறார்கள். 2004இல் இந்தியப் பெருங்கடலுக்கு அப்படி ஓடச் சொல்ல ஓர் அமைப்பே இல்லை. 2007இல்தான் இன்காய்ஸில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. அந்த மையம் சொல்வதைக் கேலிப் பொருளாக்கினால் அடுத்த முறை ஓடாதவன் எங்கள் ஊர்க்காரனாகத்தான் இருப்பான்.

விஞ்ஞானிகளும் எங்களுக்கு அந்நியர்கள் இல்லை. இஸ்ரோ தலைவராக இருந்த சிவன் சரக்கல்விளைக்காரர். 2025 ஜனவரியில் அந்தப் பொறுப்புக்கு வந்த நாராயணன் மேலக்காட்டுவிளைக்காரர். 2019 செப்டம்பர் 7 அதிகாலையில், நிலவுக்கு மேலே 2.1 கிலோமீட்டர் உயரத்தில் சந்திரயான் 2இன் தரையிறங்கும் கலமான விக்ரமின் தொடர்பு அறுந்தபோது சிவன் கண்ணீர் விட்டதை மீம் போட்டுச் சிரித்தவர்கள் உண்டு. இங்கே நிறைய வீடுகளில் அன்று வருத்தம் இருந்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான் 3 இறங்கியதும் எல்லோரும் மாறிவிட்டார்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் ஒக்கி புயலை மறக்க முடியாது. 2017 நவம்பர் 30. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி. புயல் உருவாகிவிட்டது என்ற செய்தி கரைக்கு வரும்போது எங்கள் ஆட்கள் கடலில் இருந்தார்கள். உடல்கூடக் கிடைக்காத வீடுகள் இன்றும் உண்டு. எங்களுக்கு ஏன் முன்னமே சொல்லவில்லை என்று அன்று தெருவில் உட்கார்ந்து கேட்டோம். நீங்கள்தான் கேமராவோடு வந்து அந்தக் கேள்வியை ஊருக்குச் சொன்னீர்கள். அதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறோம். அன்று செய்தி வந்து சேரவில்லை. இப்போது முன்கூட்டியே வருகிறது, ஒவ்வொருவர் கைக்கும் வருகிறது. நீங்கள் அதைக் காமெடியாக்கி அனுப்புகிறீர்கள்.

கோபத்தில் எழுதிக்கொண்டே போகிறேன். மன்னியுங்கள். திரும்பவும் பணிவாகவே கேட்கிறேன்: கடல் எச்சரிக்கையை வந்தபடியே, முழுதாகச் சொல்லுங்கள். இடம், தேதி, மணி, அலையின் உயரம், அலைகளுக்கு இடையே எத்தனை நொடி, வள்ளங்களை இடைவெளி விட்டுக் கட்டுங்கள், கரையில் இறங்காதீர்கள் என்ற அறிவுரை எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். உங்கள் கிராபிக்ஸ் ஆட்களிடம் சொன்னால் ஒரே ஒரு கார்டு செய்து வைத்து ஒவ்வொரு முறையும் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். காமெடி நடிகர் படமும் பாட்டும் வேண்டாம். எச்சரிக்கை விலக்கப்பட்டால் அதையும் அதே பெரிய எழுத்தில் சொல்லுங்கள்.

அந்த அரை நிமிட வீடியோ இன்னும் உங்கள் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த பங்குனி, சித்திரைக்குள் அதை நீக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு மீனவர் வீட்டுப் பெண்