டைமிங் செயினுக்கும் பராமரிப்பு உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார் வாங்குவோருக்கு யோசனை கூறும் கட்டுரை ஒன்றைத் தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில் படித்தேன். ஆர்.சி. புத்தகம், வங்கிக் கடன் பாக்கி, டயர் தேய்மானம், விபத்துத் தடயம் எனக் கவனிக்க வேண்டியவற்றைக் கட்டுரையாளர் பயனுள்ள முறையில் தொகுத்திருந்தார். ஆனால், டைமிங் பெல்ட் உள்ள வண்டியைத் தவிர்த்துச் செயின் உள்ள வண்டியாகப் பார்த்து வாங்கினால் அந்தச் செலவே வராது, செயின் இன்ஜினின் ஆயுள் முழுக்க வரும் என்ற பொருளில் அவர் எழுதியிருந்த வரியைப் படித்ததும் இதை எழுதத் தோன்றியது. தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த வரியை அப்படியே நம்புகிற வாசகருக்கு அது பெருஞ்செலவு வைக்கும்.

பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது, வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கு பிசகாமல் இரண்டையும் இணைத்து ஓட்டுவது பெல்ட் அல்லது செயின். பெல்ட் ரப்பரால் ஆனது. வண்டிக்கு வண்டி மாறினாலும், பெரும்பாலும் 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிட வேண்டும் என்று தயாரிப்பாளரே கெடு எழுதிக் கொடுத்துவிடுகிறார். செயினுக்குப் பெரும்பாலான கையேடுகளில் அப்படிக் கெடு எதுவும் இல்லை. கெடு எழுதாததைக் கவனிப்பே வேண்டாம் என்று நாம் எடுத்துக்கொண்டதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பெல்ட் பெரும்பாலும் ஆயில் படாத இடத்தில் ஓடுகிறது. (சில புதிய இன்ஜின்களில் பெல்ட்டையே ஆயிலுக்குள் ஓடவிட்டிருக்கிறார்கள், அதன் தொல்லைகளுக்குத் தனிக் கடிதம் வேண்டும்.) செயின் எப்போதும் ஆயிலில் நனைந்தபடியே ஓடுகிறது. ஆகவே ஆயில் எவ்வளவு சுத்தமோ அவ்வளவுதான் செயினின் ஆயுள்.

செயின் நீண்டுவிட்டது என்று பட்டறையில் சொல்லும்போது இரும்பு இழுபட்டு நீண்டதாகப் பலர் நினைக்கிறார்கள். தகடுகள் அப்படியேதான் இருக்கும். அவற்றைக் கோத்திருக்கும் முளைகளும் அவை அமரும் துளைகளுமே தேய்கின்றன. ஒரு மூட்டில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தேய்ந்தால் அது கண்ணுக்கே தெரியாது. 150 மூட்டுகள் உள்ள செயினில் அதே தேய்மானம் ஒன்றரை மில்லிமீட்டராகச் சேர்ந்துவிடும். வகுப்பில் மாணவர்களுக்கு இதைக் காட்டுவதற்குப் புதிய செயினையும் கழற்றிய செயினையும் அகலவாட்டில் படுக்கையாகப் பிடிக்கச் சொல்வேன். புதியது ஏறக்குறைய நேராக நிற்கும். பழையது பக்கவாட்டில் வில் போல் வளைந்து தொங்கும். இரண்டையும் மேசைமேல் நீட்டி வைத்தால், பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போதுகூட முதலில் வித்தியாசம் தெரியாது. கடைசி முனைக்கு வந்தால்தான் பழையது சற்றுத் தள்ளி முடிவது புலப்படும்.

முளையைத் தேய்ப்பதில் முக்கியப் பங்கு புகைக்கரிக்கு உண்டு. டீசல் இன்ஜினிலும், எரிபொருளை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்றைய டர்போ பெட்ரோல் இன்ஜினிலும், எரிதலில் உண்டாகும் கரித்துகளில் ஒரு பகுதி பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலக்கிறது. புதிய ஆயிலில் உள்ள வேதிச் சேர்மானங்கள் அத்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் பிரித்து மிதக்க வைக்கின்றன. சேர்மானம் தீர்ந்துபோனால் துகள்கள் திரண்டு, முளைக்கும் துளைக்கும் நடுவே உப்புத்தாள் தேய்ப்பதுபோல் தேய்க்கும். ஆயில் கறுத்துவிட்டதாலேயே கெட்டுவிட்டதாகச் சொல்ல முடியாது. டீசல் வண்டியில் மாற்றிய சில நாளிலேயே கறுக்கத்தான் செய்யும். அது ஆயில் தன் வேலையைச் செய்வதன் அடையாளம். நிறத்தைப் பார்த்து, இன்னும் ஓட்டலாம் என்றோ உடனே மாற்ற வேண்டும் என்றோ முடிவுகட்டுவது இரண்டுமே தவறு.

செயினின் தொய்வை எடுத்துப் பிடிப்பது டென்ஷனர். பெரும்பாலான இன்ஜின்களில் இது ஆயில் அழுத்தத்தால் இயங்குகிறது: உள்ளே ஒரு சிறிய பிஸ்டன், அதன் பின்னால் ஆயில் திரும்பி ஓடாமல் தடுக்கும் சிறு வால்வு, அதை நிரப்பும் ஊசித் துளை. இரவு முழுக்க நின்ற வண்டியில் இந்த அறையிலிருந்து ஆயில் கொஞ்சம் வடிந்திருக்கும். காலையில் செல்ஃப் போட்டதும் பம்ப் ஆயிலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை செயினை இறுக்கிப் பிடிக்கப் போதிய அழுத்தம் இருக்காது. அந்த ஓரிரு நொடியில் செயின் தளர்ந்து, அதைத் தடத்தில் நிறுத்தும் கைடில் அடிக்கும் கடகட ஓசைதான் முதல் எச்சரிக்கை. ஆயில் கெட்டுக் கசடு படிந்தால் ஊசித் துளை அடைபடும், வால்வு சரியாக மூடாது, ஓசை நீளும். கைடும் பிளாஸ்டிக் வகையே. செயின் அடித்து அடித்து அது விரிசல் விட்டு உடையும். உடைந்த துண்டுகள் இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பில் விழுந்து, பம்ப் உறிஞ்சும் வலையில் போய் அடைகின்றன. சம்பைக் கழற்றியதும் வலையில் நகக்கண் அளவுப் பழுப்புத் துண்டுகள் ஒட்டியிருப்பதைக் கண்டால், செயினை மட்டும் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. அழுத்தம் குறைந்த ஆயிலில் பேரிங்குகள் எவ்வளவு நாள் ஓடினவோ என்ற கேள்வியும் எழும்.

செயின் தேய்வை ஆயில் தயாரிப்பாளர்களே அளந்து பார்க்க வேண்டிய நிலை வந்துவிட்டது என்பதைக் கட்டுரையாளர் கவனித்திருக்கலாம். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் 2020 மே மாதம் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஏ.பி.ஐ. எஸ்.பி. என்ற இன்ஜின் ஆயில் தரத்தில், செயின் தேய்மானத்துக்கென்றே ‘சீக்வென்ஸ் எக்ஸ்’ என்ற சோதனை சேர்க்கப்பட்டது. ஃபோர்டின் 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜினை ஓட்டி, செயின் எவ்வளவு நீள்கிறது என்று அளந்து பார்க்கும் சோதனை இது. செயினுக்குப் பராமரிப்பே தேவையில்லை என்றால் இப்படியொரு சோதனையை யாரும் செலவு செய்து வைக்க மாட்டார்கள்.

நம் நகரங்களில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. ஆயில் சேஞ்ச் 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முன்னதோ அது என்று பல கையேடுகளில் இருக்கிறது. ஓடோமீட்டர் சாலையைத்தான் அளக்கிறது, இன்ஜின் சுற்றிய நேரத்தை அளப்பதில்லை. நெடுஞ்சாலையில் சராசரி 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 10,000 கிலோமீட்டரை 200 மணி நேரத்தில் முடித்துவிடும். சென்னை மவுண்ட் ரோட்டிலும் கிண்டியிலும் ஏ.சி. போட்டபடி நின்று நின்று சராசரி 15 கிலோமீட்டரில் நகரும் வண்டிக்கு அதே தூரத்துக்கு 660 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டிலும் உள்ள ஆயிலை ஒரே கிலோமீட்டர் கணக்கில் மாற்றுவது என்ன நியாயம்? கையேட்டின் கடைசிப் பக்கங்களில் ‘கடினமான பயன்பாடு’ என்ற தலைப்பில் இதற்கென்று குறைந்த கெடு கொடுத்திருப்பார்கள். நெரிசல், தூசி, குறுந்தூர ஓட்டம் எல்லாம் அதில் அடங்கும். பள்ளிக்கும் காய்கறிக் கடைக்கும் மட்டும் போய்வரும் கார் அதிகம் ஓடவில்லையே என்று ஆயிலை இரண்டாண்டு விட்டுவைப்பவர்கள் உண்டு. அந்த ஆயில் முழுச் சூடு ஏறாமலேயே தணிந்து, எரியாத பெட்ரோலும் ஈரமும் கலந்து நீர்த்துப்போகிறது. அதிகம் ஓடிய டாக்சியைவிட அந்த வண்டியின் செயின் முந்திக்கொண்டு தேய்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

தமிழ்நாட்டுப் பழைய கார் சந்தையில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் இன்ஜின். 1,248 சி.சி. கொண்ட இந்தச் செயின் இன்ஜின் ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, இண்டிகா விஸ்டா, மான்ஸா, புன்டோ, லினியா என்று பல கம்பெனிகளின் பெயர்ப்பலகையோடு ஓடியதால், ‘இந்தியாவின் தேசிய இன்ஜின்’ என்றே வாகன உலகில் அழைக்கப்பட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை மாசு விதி வந்ததோடு மாருதி இதைக் கைவிட்டது. எனவே இன்று விற்பனைக்கு வரும் இவ்வகை மாருதி கார்கள் எல்லாமே வயதானவை, பல கைமாறியவை, சில டாக்சியாக ஓடியவை. நல்ல இன்ஜின்தான், ஒழுங்காக ஆயில் மாற்றியவர்களிடம் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஆனால் இதன் ஆயில் கொள்ளளவே ஏறக்குறைய மூன்று லிட்டர்தான். அதில் ஒரு லிட்டர் குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போனதாகிறது. மிஞ்சிய இரண்டு லிட்டரே எல்லாக் கரியையும் சுமக்க வேண்டும். இன்ஜின் ஆயில் சாப்பிடவே இல்லை என்ற நம்பிக்கையில் டிப்ஸ்டிக்கை இழுத்தே பார்க்காத உரிமையாளரிடம் இதன் செயின் நீடிப்பதில்லை.

நம் ஊர் வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் ஏற்றது என்று பல மெக்கானிக்குகள் உறுதியாக நம்புகிறார்கள். பழைய அம்பாசடருக்கு அது சரியாக இருந்திருக்கலாம். 5டபிள்யூ-30 அல்லது 0டபிள்யூ-20 என்ற இளக்கமான கிரேடு கேட்கும் இன்ஜினில் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினால், காலையில் அது டென்ஷனரின் ஊசித் துளைக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். செயின் தளர்ந்து அடிக்கும் நேரம் கூடும். ஃபில்டரிலும் இதே கவனம் வேண்டும். நல்ல ஃபில்டருக்குள் இருக்கும் ரப்பர் வால்வு, வண்டி நிற்கும்போது ஆயில் கீழே வடியாமல் பிடித்து வைக்கிறது. மலிவான ஃபில்டரில் அந்த ரப்பர் விரைவில் விறைத்துப் போகிறது. காலைக் கடகடப்புக்குச் சில வண்டிகளில் ஃபில்டரை மட்டும் மாற்றியே தீர்வு கண்டதுண்டு. பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் எதிர்த் திசையிலும் ஒரு ஆபத்து இருக்கிறது: கரி வடிகட்டியைச் சுட்டுச் சுத்தம் செய்யும்போது டீசல் கொஞ்சம் ஆயிலில் கலப்பதால், டிப்ஸ்டிக்கில் அளவு கூடிக் காட்டலாம். அதைப் பார்த்து, ஆயில் குறையவில்லை என்று மகிழக் கூடாது. நீர்த்துப்போன ஆயில் அது.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள், வண்டியை முதல்நாள் இரவிலிருந்து எடுக்காமல் வைக்கச் சொல்லி, காலையில் பானெட்டைத் திறந்துவைத்துத் தாங்களே செல்ஃப் போட்டுக் கேட்பது நல்லது. நாம் போகும்போது இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தால் காரணம் கேட்கலாம். இன்ஜின் கோளாறு எண்களைப் படிக்கும் ஸ்கேனரில் பி0016 என்ற எண் வந்தால், கிராங்குக்கும் கேமுக்கும் இடையே நேரம் ஒத்துப்போகவில்லை என்று பொருள். சென்சார், ஒயரிங், கேம் நேரத்தை மாற்றும் அமைப்பு ஆகியவற்றாலும் அது வரலாம் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். செயின் பல்சக்கரத்தில் ஒரு பல் தாவிவிட்டால், பெரும்பாலான இன்றைய இன்ஜின்களில் வால்வு பிஸ்டனில் இடித்து வளையும். இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றாமல் வழியில்லை. தேய்மானமும் இயந்திரக் கோளாறும் வழக்கமான வாகன இன்ஷூரன்ஸில் வராது. மாற்றும்போது செயினை மட்டும் மாற்றி, தேய்ந்த பல்சக்கரத்தையும் (ஸ்ப்ராக்கெட்) கைடையும் டென்ஷனரையும் விட்டுவைப்பது வீண் செலவு. சில இன்ஜின்களில் செயினை அடைவதே பெரிய வேலை. பி.எம்.டபிள்யூ.வின் என்47 டீசலில் அது கியர்பாக்ஸ் பக்கம் பின்னால் இருப்பதால், பாகத்தின் விலையைவிடக் கூலியே பயமுறுத்தும்.

சர்வீஸ் நிலையங்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுண்டு. பில்லில் ‘இன்ஜின் ஆயில்’ என்று இரண்டு சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆயிலின் கிரேடு, அது எந்தத் தரத்தைச் சேர்ந்தது, எத்தனை லிட்டர், ஃபில்டரின் பாக எண், அன்றைய கிலோமீட்டர் ஆகிய ஐந்தையும் எழுதித் தர வேண்டும். அந்தப் பில்களை வரிசையாக வைத்திருப்பவரிடம் வண்டி வாங்குகிறவர், செயினா பெல்ட்டா என்று கேட்டு வாங்குகிறவரைவிட நல்ல நிலையில் இருப்பார். வாகனத் தயாரிப்பாளர்களும் ‘கடினமான பயன்பாடு’ அட்டவணையைக் கையேட்டின் கடைசியிலிருந்து முன்பக்கத்துக்கு, தமிழிலும் அச்சிட்டுக் கொண்டுவர வேண்டும்.

பழைய கார் வாங்குவோர் பலர் தங்கள் வாகனப் பகுதியைக் கையில் வைத்துக்கொண்டே விசாரிக்கிறார்கள். ஆகவே செயின் பற்றிய அந்த வரிக்கு அதே பகுதியில் ஒரு சிறு விளக்கம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மோட்டார் மெக்கானிக் பயிற்றுநர்,
சேலம்.