எழுதும் வேகம் குறைவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அலுவலகச் சேமிப்பு சர்வரில் கோப்புகளைச் சேமிக்கும்போது வேகம் குறைந்தால், பலரும் சோதித்துப் பார்க்காமலே நெட்வொர்க் சுவிட்சை மாற்றிவிடுகிறார்கள். பழுதான கேபிளால் கிகாபிட் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கினால், நொடிக்கு 12 மெகாபைட் அளவே கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது கோப்புகளைப் படிப்பதும் சேர்ந்தே மந்தமாகும். எழுதுவது மட்டும் தடுமாறினால் வட்டுகளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு 5 அமைப்பில் சிறிதளவு தரவை மாற்றுவதற்கும், பழைய தரவையும், ஒரு வட்டு பழுதானால் தரவை மீட்க உதவும் பாரிட்டியையும் படித்து, பின்னர் இரண்டையும் புதிதாக எழுத வேண்டியிருப்பதால், ஒரு வேலை நான்காகிறது. நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிர உதவும் என்எஃப்எஸ் வழியே ‘சிங்க்’ முறையில் எழுதும்போதோ, தரவு பத்திரமாகப் பதிந்த பிறகே சர்வர் பதிலளிக்கும்; அதுவரை காத்திருக்க வேண்டும். அம்முறையை அணைத்துவிடச் சொல்பவர்கள், திடீரென மின்சாரம் நின்றால் கடைசியாக எழுதியவை அழியக்கூடும் என்பதை ஏனோ சொல்வதில்லை. மின்தடைப் பாதுகாப்புள்ள எஸ்எஸ்டி வட்டு ஒன்றை, ‘சிங்க்’ முறையில் எழுதப்படும் தரவுக்கென ஒதுக்குவதே மேல்.

இப்படிக்கு,
கணினி நிர்வாகி ஒருவர்