பேனல் இடைவெளி அழகுக்காக விடும் கோடல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பெங்களூரு வெளிவட்டச் சாலையிலும் வைட்ஃபீல்டிலும் எழும்பும் வளைமுகப்புக் கட்டடங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், பேனல்களுக்கு, அதாவது முகப்பை மூடும் தகடுகளுக்கு, நடுவே தெரியும் கோடுகள் அழகுக்காக விடப்படுபவை என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காகத்தான் இக்கடிதம். சைட்டில் அதை 'குரூவ்' என்போம். அது இல்லாவிட்டால் முகப்பு ஒரு கோடையைக்கூடத் தாங்காது. பீன்யாவிலும் பொம்மசந்திராவிலும் தகடு வெட்டி மடிப்பவர்கள், சாரத்தில் நின்று இடைவெளியை அடைக்கும் சிலிக்கான் பசை அடிப்பவர்கள், கணினியில் வரைபவர்கள் என இந்தத் தொழிலில் தமிழர் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் படிக்கும் பத்திரிகையில் இது சரியாக வர வேண்டும்.

வெப்பத்திலிருந்து தொடங்குகிறோம். அலுமினியம் மீட்டருக்கு, டிகிரிக்கு 0.024 மி.மீ. நீளும். ஜனவரி விடியலில் தகடு 15 டிகிரியில் குளிர்ந்து கிடக்கும். ஏப்ரல் மதியத்தில் மேற்குப் பார்த்த கருஞ்சாம்பல் தகடு 70 டிகிரி வரை ஏறும். இந்த 55 டிகிரி வித்தியாசத்தில் 3 மீட்டர் பேனல் ஏறத்தாழ 4 மி.மீ. நீண்டு சுருங்குகிறது. தகடு 30 டிகிரியில் இருக்கும்போது சிலிக்கான் அடித்தால், அதற்குமேல் ஏறும் 40 டிகிரிக்கு இடைவெளி 2.9 மி.மீ. குறுகும். தன் அகலத்தில் ±25 சதவீத அசைவு தாங்கும் சீலன்ட் (இடைவெளியை அடைக்கும் இந்தப் பசை) என்றால் இதற்கு மட்டுமே 12 மி.மீ. வேண்டும். ±50 சதவீத ரகத்துக்கு 6 போதும். வெட்டுவதிலும் மாட்டுவதிலும் வரும் பிசகுக்கு 3 மி.மீ. கூட்டினால் முன்னதற்கு 15, பின்னதற்கு 9. டெண்டரில் 'குரூவ் 10 மி.மீ.' என்று மட்டும் எழுதி, சீலன்ட் ரகத்தைக் குறிப்பிடாமல் விட்டால், விலை குறைந்த ரகம்தான் வந்து சேரும். சில கோடைகளில் ஓரம் விட்டுப்போகும், மே மாத மழை உள்ளே இறங்கும்.

கணக்குப் போட்டுக் கண்ட அளவு கணினிக்குள் போகும்போதுதான் பெரும்பாலும் கெடுகிறது. ரைனோ என்ற முப்பரிமாண வரைவு மென்பொருளில், அதன் துணைக்கருவியான கிராஸ்ஹாப்பர் வைத்து வளைபரப்பைக் கட்டங்களாகப் பிரித்தபின், ஒவ்வொரு கட்டத்தையும் அதன் மையத்திலிருந்து 0.98 மடங்காகச் சுருக்குவது, கற்றுக்கொள்பவர்கள் முதலில் பிடித்துக்கொள்ளும் வழி. திரையில் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் 1200 மி.மீ. அகலப் பேனல் பக்கத்துக்கு 12 இழக்கும், 600 அகலப் பேனல் பக்கத்துக்கு 6 இழக்கும். இரண்டு பெரிய பேனல்களுக்கு இடையே 24, பெரியதற்கும் சிறியதற்கும் இடையே 18, இரண்டு சிறியவற்றுக்கு இடையே 12 என்றாகிவிடும். 1200க்கு 3000 பேனலில் நெடுக்குக் கோடு 24, கிடைக்கோடு 60. வீட்டுத் தரையில் டைல்ஸ் ஒட்டுபவர் 3 மி.மீ. ஸ்பேசரை இரண்டு கல்லுக்கு நடுவே செருகுகிறார். கல்லை இரண்டு சதவீதம் சிறிதாக வெட்டிக் கொண்டுவா என்று அவர் சொல்வதில்லை. கணினியிலும் அந்த ஸ்பேசர்தான் வேண்டும்.

பரப்பில் ஒரு புள்ளியின் இடத்தைக் குறிக்க மென்பொருள் தரும் யூ, வி எண்களில் ஒரு சிறு பகுதியைக் கழித்து இடைவெளி விடுவதும் இதே தவறுதான். அந்த எண்கள் மில்லிமீட்டர் அல்ல. குவிமாடத்தின் அடியில் 0.01 என்பது ஒரு நீளம், உச்சியருகே வேறொரு நீளம். உச்சியில் எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளியில் கூடுவதால் பேனல் முக்கோணமாகி ஊசிபோல் முடியும். அந்த இடத்தைத் தனி வட்ட மூடியாக வெட்டி எடுத்துவிடுவதே நல்லது.

தட்டையான பேனலுக்கு முறை எளிது. கட்டத்தின் நான்கு ஓரங்களையும் அதன் சொந்தத் தளத்திலேயே இடைவெளியில் பாதி அளவு உள்ளே ஆஃப்செட் செய்ய, அதாவது இணையாக நகர்த்த, வேண்டும். குரூவ் 12 என்றால் 6. ஓரக்கோடு சில பேனல்களில் வலமாகவும் சிலவற்றில் இடமாகவும் ஓடும். அதனால் ஆஃப்செட் சிலவற்றில் வெளியே போய்ப் பேனல் பெரிதாகிவிடும். புதிய பரப்பளவு பழையதைவிடக் குறைந்ததா என்று ஒரு சரிபார்ப்பைச் சேர்த்து, குறையாதவற்றைத் திருப்பிவிட வேண்டும். ஆயிரம் பேனலில் இருபது தப்பினால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

இங்கேதான் பலரும் நிறுத்திவிடுகிறார்கள். பேனலுக்குக் கனம் இருக்கிறது. ஏசிபி எனும் அலுமினியக் கூட்டுத் தகடு 4 மி.மீ. தான், ஆனால் ஓரங்களை உள்ளே மடித்து ஆழமற்ற பெட்டிபோல் கேசட்டாக மடிக்கும்போது பின்மடிப்பு 30 மி.மீ. உள்ளே போகிறது. 7 மீட்டர் ஆரமுள்ள குவிந்த முகப்பில் 1200 அகலப் பேனல்களை அடுக்கினால், பக்கத்துப் பேனல்களுக்கு இடையே சுமார் 10 டிகிரி கோணம் விழும். தகட்டுக்குச் செங்குத்தாக மடித்த இரண்டு பின்மடிப்புகளும் உள்ளே போகப் போக ஒன்றையொன்று நெருங்கும். 30 மி.மீ. ஆழத்தில் இடைவெளி 5 மி.மீ.க்குச் சற்று மேலாகக் குறைகிறது. முகப்பில் 10 தெரியும் இடத்தில் பின்னால் 5கூட இருக்காது. வரைபடத்தில் முகப்பளவு மட்டும் இருப்பதால் யாருக்கும் தெரியாது. மதிய வெயிலில் மடிப்புகள் இடித்துத் தகடு உப்பும்போதுதான் தெரியும். குழிந்த வளைவில் இதற்கு நேர் எதிர்: பின்னால் விரியும், பேக்கர் ராட் (சீலன்ட் அடிக்குமுன் இடைவெளியில் செருகும் நுரைக்கயிறு) பிடிப்பின்றி உள்ளே விழுந்துவிடும்.

இதற்கு நாங்கள் பரிந்துரைக்கும் வழி, ஓரத்துக்கு ஒரு வெட்டுத்தளம். இரண்டு பேனல்கள் பகிரும் ஓரக்கோட்டையும், அவ்விரண்டின் செங்குத்துகளின் சராசரித் திசையையும் கொண்டு ஒரு தளம் அமையுங்கள். அதை இருபுறமும் பாதி இடைவெளி நகர்த்தி, அந்தந்தப் பேனலின் கன உருவத்தை அதனால் வெட்டுங்கள். வெட்டுமுகங்கள் இணையாக இருப்பதால் முன்னும் பின்னும் ஒரே அளவு கிடைக்கும். மேலே சொன்ன முகப்பில் பின்மடிப்பு 90க்குப் பதிலாக 85 டிகிரி உட்கோணத்தில் வரும். தகட்டை மடிக்க அதன் பின்பக்கம் எடுக்கும் 90 டிகிரி வி-பள்ளம் அந்த அளவுக்கு மடியாது, அதைவிட அகலமான வி-வெட்டு வேண்டும். அந்தக் கருவி பட்டறையில் இல்லையென்றால் மடிப்பாழத்தை 20ஆகக் குறையுங்கள். வித்தியாசம் 3.5 மி.மீ. ஆகிவிடும். அப்போது முகப்பில் 12 விட்டால் பின்னால் 8.5 மிஞ்சும். செலவு குறைந்த வழி இதுவே, ஆனால் பேனலின் விறைப்பும் குறையும் என்பதால் பின்னால் ஒரு ஸ்டிஃப்னர் (விறைப்பூட்டும் பட்டை) சேர்க்க வேண்டியிருக்கும்.

நான்கு மூலையும் ஒரே தளத்தில் அமையாத பேனல்களுக்கு ஒரு வரி: மூன்று மூலைகள் வழியாகப் போகும் தளத்திலிருந்து நான்காவது மூலை எத்தனை மி.மீ. விலகியிருக்கிறது என்பதை ஒவ்வொரு பேனலுக்கும் எழுதிவையுங்கள். தட்டைப் பேனல் மாட்டும்போது குரூவில் ஒரு மூலை துருத்திக்கொண்டு நிற்பது அதனால்தான்.

சிலிக்கான் வேலையை மேலிருந்து பார்ப்பவர்கள் எளிதென்று நினைக்கிறார்கள். 12 மி.மீ. இடைவெளிக்கு 15 மி.மீ. பேக்கர் ராட், அதன்மேல் 6 மி.மீ. ஆழத்துக்குச் சீலன்ட். ஒரே முகப்பில் இடைவெளி 5 முதல் 20 வரை ஓடினால் ஒரே ராட் எங்கும் பொருந்தாது. 5இல் ராட் நுழையவே நுழையாது. அங்கே நேராகச் சிலிக்கானை அடித்துவிட்டால் அது இரண்டு பக்கத்தோடு பின்னாலும் ஒட்டிக்கொள்ளும், விரிய இடமில்லாமல் நடுவில் கிழியும். ராடை ஸ்குரூடிரைவரால் குத்தித் தள்ளவும் கூடாது. குத்துப்பட்ட இடத்திலிருந்து வெயிலில் காற்று வெளியேறி, உலராத சிலிக்கானில் கொப்புளம் கொப்புளமாக எழும். மழுங்கிய மரத்துண்டு போதும்.

வெட்டுக் கோப்பிலும் ஒரு கண் வேண்டும். ஏசிபியை சிஎன்சியில் (கணினி இயக்கும் வெட்டு எந்திரத்தில்) பின்பக்கம் மேலாக வைத்துத்தான் பள்ளம் எடுக்கிறோம். முகப்பிலிருந்து பார்த்த வரைபடத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பாமல் அனுப்பினால், செவ்வகப் பேனலில் தவறு தெரியாது. சரிவக வடிவில் அந்தத் தகடு அப்படியே பழைய இரும்புக் கடைக்கு. தகட்டை மிச்சப்படுத்த மென்பொருள் பேனலைச் சுழற்றி அடுக்குவதையும் தடுத்துவிடுங்கள். மெட்டாலிக் பூச்சுக்குத் திசை உண்டு, பாதுகாப்புப் படலத்தில் அம்புக்குறியே அச்சிட்டிருக்கும். திரும்பிய பேனல் வெயிலில் வேறு நிறமாகத் தெரியும்.

மாட்டும்போது முந்தைய பேனலிலிருந்து அளந்துகொண்டே போகாதீர்கள். ஒன்றுக்கு 1 மி.மீ. பிசகினால் நாற்பதாவது பேனலில் 40 மி.மீ. வந்து நிற்கும். டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவி வைத்துக் குறித்த கட்டக்கோட்டிலிருந்துதான் ஒவ்வொன்றையும் அளக்க வேண்டும். ஒவ்வொரு பேனலுக்கும் ஒரு பிராக்கெட் (சுவரோடு பிடிக்கும் தாங்கி) மட்டும் இறுக்கமாக, மற்றவை நீள்துளையில் நகரும்படி. எல்லாவற்றையும் இறுக்கிவிட்டால் இடைவெளி விட்டதே வீண்.

கட்டட உரிமையாளர்களிடமும் கட்டடக் கலைஞர்களிடமும் எங்கள் கோரிக்கை இது. டெண்டர் வரைபடத்தில் குரூவ் அளவை முகப்பில் ஒன்று, பின்மடிப்பின் முனையில் ஒன்று என இரண்டு இடத்திலும் எழுதுங்கள். எந்த வெப்பநிலையில் அந்த அளவு, சீலன்ட் எத்தனை சதவீத ரகம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தகடு வெட்டத் தொடங்குமுன் ஒன்பது பேனல்களில், மூன்றுக்கு மூன்றாக ஒரு மாதிரி மாட்டிப் பாருங்கள். அதை நுழைவாயிலுக்கு மேலுள்ள தட்டையான பகுதிக்குச் செய்துகாட்டினால் ஏற்காதீர்கள். வளைவு எங்கே மிக இறுக்கமோ, அந்த ஒன்பது பேனல்களைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
முகப்புப் பணி வரைவாளர்கள், பட்டறை மேற்பார்வையாளர்கள் சிலர்,
பீன்யா, பெங்களூரு.