செய்யாத குளிர்காலப் பராமரிப்புக்குப் பணம் வாங்கியமை தொடர்பான முறைப்பாடு

அனுப்புநர்: காலஞ்சென்ற வாடிக்கையாளரின் மரணசாசனப் பொறுப்பாளர், மார்க்கம், ஒன்ராறியோ.

பெறுநர்: முகாமையாளர், மோட்டார் ஹோம் தரிப்பிட, பராமரிப்பு நிறுவனம்.

விடயம்: என் பெரியப்பாவின் மோட்டார் ஹோமில் தண்ணீர் உறைந்து ஏற்பட்ட சேதமும், அதன் பின் உங்கள் அலுவலகம் நடந்துகொண்ட விதமும்.

ஐயா,

படுக்கை, குசினி, கழிப்பறை எல்லாம் உள்ள வாகனமான என் பெரியப்பாவின் மோட்டார் ஹோமைக் கடந்த ஒக்டோபரில் உங்கள் வளவில் ஒப்படைத்தோம். குளிர்காலம் முழுவதும் அதை நிறுத்திவைப்பதற்கும், உறைபனி தொடங்கமுன் குழாய்களில் உள்ள தண்ணீரை வடித்து, குளிரில் உறையாத திரவமான அன்டிஃப்ரீஸ் ஏற்றுவதற்கும், பற்றரிகளைக் கழற்றிச் சூடான இடத்தில் வைப்பதற்கும் நீங்கள் முற்பணம் வாங்கினீர்கள். ஏப்ரலில் வந்து பார்த்தபோது நிறுத்திவைத்ததைத் தவிர வேறொன்றும் நடந்திருக்கவில்லை. தண்ணீர்ப் பம்பும் சுடுநீர்த் தாங்கியும் உடைந்து, தரை ஊறிக் கிடந்தது. அதைக் கேட்ட எங்களுக்கு உங்கள் அலுவலகம் தந்த பதில்கள் அந்தச் சேதத்தைவிட மனதை நோகச் செய்தன.

ஒப்பந்தம் பேசியதும் வாக்குத் தந்ததும் தமிழில் என்பதால் இதையும் தமிழில் எழுதுகிறேன். சட்டத்தரணி தயாரித்த ஆங்கிலப் பிரதி இத்துடன் உண்டு.

பெரியப்பா எழுபதுகளில் கனடாவுக்கு வந்தவர். ஓய்வுபெறும்வரை சட்பரியில் நிக்கல் சுரங்கத்தில் வேலை செய்தார். திருமணம் செய்யவில்லை. ஓய்வுக்குப் பிறகு அவர் தனக்கென்று வாங்கிய பெரிய பொருள் இந்த மோட்டார் ஹோம் ஒன்றுதான். கோடை வந்தால் மனிற்றூலின் தீவு, சுப்பீரியர் ஏரிக்கரை என்று அதில்தான் இருப்பார். மரணசாசனத்தில் என்னைப் பொறுப்பாளராக எழுதியிருந்தார். ஒன்ராறியோ உயர் நீதிமன்றம் எனக்கு நியமனச் சான்றிதழ் தந்திருக்கிறது. சொத்து நிர்வாக வரியும் கட்டியாகிவிட்டது. முதல் 50,000 டொலருக்கு அந்த வரி இல்லை, அதற்கு மேல் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் 15 டொலர். இந்த மோட்டார் ஹோமின் பெறுமதியையும் சேர்த்துக் கணக்கிட்டே அதைக் கட்டினேன். அதாவது, நல்ல நிலையில் இருந்த ஒரு வாகனத்துக்கு அரசாங்கத்துக்கு வரி செலுத்திவிட்டுத்தான் அதை உங்களிடம் தந்தோம்.

"பழைய வண்டிதானே" என்று உங்கள் ஊழியர் திரும்பத் திரும்பச் சொன்னார். அதனால் அந்த வண்டி எங்களுக்கு எப்படிப் பயன்பட்டது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். மார்க்கத்திலிருந்து சட்பரி ஏறத்தாழ 400 கிலோமீற்றர். வீட்டை வெறுமையாக்கி விற்பதற்காகப் போன கோடை முழுவதும் குடும்பமாகப் போய் வந்தோம். ஆளில்லாத வீடு என்பதால் காப்புறுதி நிறுவனம் தண்ணீரை மூடிவைக்கச் சொல்லிவிட்டது. கட்டில்களும் கதிரைகளும் முதல் மாதமே கொடுபட்டுவிட்டன. எனவே வீட்டு வாசலில் நின்ற மோட்டார் ஹோமில்தான் நானும் கணவரும் பிள்ளைகளும் அம்மாவும் இருந்தோம். பக்கத்து வீட்டுக்காரரின் ஹோஸால் தாங்கியை நிரப்புவோம். சாரதி ஆசனத்துக்கு மேலே உள்ள படுக்கையில் பிள்ளைகள். பகலில் பெரியப்பாவின் கடதாசிகளை விரித்து வைத்து நான் எழுதும் மேசை, இரவில் இறக்கி மெத்தை போட்டால் அம்மாவின் கட்டில். வங்கிக் கடிதங்கள், வருமானவரிப் பத்திரங்கள், ஓய்வூதிய ஆவணங்கள் எல்லாம் அடுக்கி மேல் அலுமாரிக்குள் போன பிறகுதான் அம்மா படுக்கலாம். அந்தச் சின்ன அடுப்பில் அம்மா புட்டு அவித்தால் கண்ணாடியெல்லாம் ஆவி படியும். பிள்ளைகள் அதில் படம் கீறுவார்கள். மரணவீடு முடிந்த கையோடு தொடங்கிய அந்த வேலையை எங்களால் தாங்க முடிந்ததற்கு அந்த வண்டியும் ஒரு காரணம். ஒக்டோபர் நன்றி நவிலல் விடுமுறையில் கடைசியாகப் பாவித்தபோது பம்பு, சுடுநீர், கழிப்பறை எல்லாம் குறையில்லாமல் வேலை செய்தன. அங்கிருந்து நேரே உங்களிடம் ஓட்டி வந்தோம்.

வந்த அன்று உங்கள் ஊழியர் ஒருவர் வண்டியைச் சுற்றிப் பார்த்து வேலைப் பத்திரம் எழுதினார். தாங்கியில் தண்ணீர் இருக்கிறது என்று சொன்னேன். "நாங்கள்தானே வடிப்போம், நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை" என்றார். பின்பக்கம் வெளியே ஒரு ஷவர் இருக்கிறது, பலர் அதை மறந்துவிடுவார்கள் என்று பெரியப்பா சொல்லுவார் என்றேன். அதையும் பத்திரத்தில் எழுதிக்கொண்டார். அந்தப் பத்திரத்தின் பிரதி என்னிடம் உண்டு. நவம்பரில் நீங்கள் அனுப்பிய பில்லில் "குளிர்காலப் பராமரிப்பு: முடிந்தது" என்று இருக்கிறது. அன்டிஃப்ரீஸுக்குத் தனியாக ஒரு வரி, பற்றரி பராமரிப்புக்கு இன்னொரு வரி.

ஏப்ரலில் நாங்கள் கண்டதைச் சொல்கிறேன். இவ்வகை வாகனங்களின் தண்ணீர்க் குழாய்களுக்குப் பாவிக்கும் அன்டிஃப்ரீஸ் இளஞ்சிவப்பு நிறமானது. சுடுநீர்த் தாங்கியை வடித்து, அதற்குப் போகும் வழியை அடைத்து, பிறகு ஒவ்வொரு பைப்பாகத் திறந்து அந்த நிறம் வெளியே வரும்வரை பம்ப் பண்ண வேண்டும். கடைசியில் சிங்குக்குக் கீழுள்ள வளைகுழாய்களிலும் கொஞ்சம் ஊற்றிவிட வேண்டும். முறையாகச் செய்திருந்தால் ஏப்ரலில் எந்தப் பைப்பைத் திறந்தாலும் முதலில் அந்த நிறம்தான் வரும். எங்கள் வண்டியில் எங்குமே ஒரு துளி இளஞ்சிவப்பு இல்லை. குசினிச் சிங்கின் வளைகுழாயைக் கழற்றியபோது சட்டியில் விழுந்தது வெறும் தண்ணீர், அதில் ஒரு கறிவேப்பிலையும் கிடந்தது. ஒக்டோபரில் அம்மா சமைத்ததோடு அந்தக் குழாயில் வேறெதுவும் ஊற்றப்படவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பம்பின் முன்னால் உள்ள வடிகட்டிக் கிண்ணம் இரண்டாகப் பிளந்திருந்தது. கழிப்பறை வால்வில் வெடிப்பு. சுடுநீர்த் தாங்கியின் பொருத்து விரிந்து, அதிலிருந்த தண்ணீர் பனி உருகியதும் தரைக்குள் இறங்கிவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் கால் வைத்தால் பலகை அமிழ்கிறது. பற்றரிகள் நாங்கள் விட்ட இடத்திலேயே, வயரும் கழற்றாமல், பக்கம் வீங்கிக் கிடந்தன. சார்ஜ் முற்றாக இறங்கிய ஈய-அமில பற்றரி மைனஸ் 7 பாகை அளவிலேயே உறைந்துவிடும் என்பதும், சார்ஜ் நிறைந்த பற்றரிக்கு எங்கள் ஊர்க் குளிர் ஒரு பொருட்டே அல்ல என்பதும் இத்தொழிலில் இருக்கும் உங்களுக்குத் தெரியாததல்ல. அதற்காகத்தானே பற்றரி பராமரிப்பு என்று காசு வாங்கினீர்கள்.

இதற்கு நீங்கள் தந்த விளக்கங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. முதலில் குழாய்கள் பழசு என்றீர்கள். உங்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு மெக்கானிக்கை வரவழைத்துக் காற்றழுத்தம் கொடுத்துச் சோதித்தோம். வெடித்த இடங்கள் எல்லாம் தண்ணீர் தேங்கி நிற்கும் இடங்கள், தேய்மானம் எங்கும் இல்லை என்று அவர் எழுத்தில் தந்திருக்கிறார். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கும். புதுக் குழாயும் அதனால் வெடிக்கலாம். அடுத்து, தண்ணீரை வடிப்பது வாடிக்கையாளரின் பொறுப்பு என்றீர்கள். அப்படியானால் வேலைப் பத்திரத்தில் உங்கள் ஊழியர் கையெழுத்து எதற்கு? கடைசியாக, இந்த வருடம் குளிர் கடுமை என்றார்கள். குளிர் வரும் என்பதற்காகத்தான் உங்களிடம் வந்தோம்.

இனி இரண்டாவது விடயம். நியமனச் சான்றிதழின் பிரதியையும் இறப்புச் சான்றிதழையும் வண்டியை விட்ட அன்றே உங்கள் அலுவலகத்தில் கொடுத்தோம். சேதம் பற்றிக் கேட்கத் தொலைபேசி எடுத்தால், "கணக்கு உங்கள் பெயரில் இல்லை, உரிமையாளரைப் பேசச் சொல்லுங்கள்" என்றார்கள். அவர் காலமாகிவிட்டார் என்று சொன்னால், "அப்போ அவர் ஒரு மின்னஞ்சல் அனுப்பட்டும்" என்றார் ஒருவர். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், அம்மா பக்கத்தில் இருந்தார். அத்தான் என்று அவர் நாற்பது வருடத்துக்கு மேல் அழைத்த மனிதரைப் பற்றிய பேச்சு அது. அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். இது ஒரு தடவை நடந்த தவறு அல்ல. பேசியவர்கள் மாறினாலும் பதில் மாறவில்லை. ஆனால் தரிப்பிடக் கட்டணம் கேட்கும்போது மட்டும் என் தொலைபேசி எண் உங்களுக்குத் தெரிகிறது. தாமதக் கட்டணத்தோடு, "வாகனத்தைத் தடுத்துவைப்போம்" என்ற எச்சரிக்கையோடு, பெரியப்பாவின் பெயரை விளித்துக் கடிதம் என் வீட்டுக்கு வருகிறது. காசு வாங்கும்போது நான் பொறுப்பாளர் என்றால், கேள்வி கேட்கும்போதும் நான்தான் பொறுப்பாளர்.

உங்கள் முன்மேசையில் இருந்தவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார் என்று நினைக்கிறேன்: "அக்கா, போனது போகட்டும், பாதிக் கட்டணத்தைக் கழித்துவிடுகிறோம், வண்டியை எடுத்துப் போங்கள்." இது என் சொந்த வண்டியாக இருந்திருந்தால் களைப்பில் சரி என்றுகூடச் சொல்லியிருப்பேன். ஆனால் இது என்னுடையது அல்ல. மோட்டார் ஹோமை விற்று வரும் பணத்தைச் சாவகச்சேரியில் இருக்கும் மாமிக்கும், பிரான்சில் இருக்கும் மருமகனுக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று மரணசாசனத்தில் எழுதியிருக்கிறது. எனக்கு அதில் ஒரு சதமும் இல்லை. அவர்களுக்குச் சேர வேண்டியதை விட்டுக்கொடுக்க எனக்கு அதிகாரமும் இல்லை. அவர்களில் எவர் கேட்டாலும் ஒவ்வொரு டொலருக்கும் கணக்குக் காட்ட நான் கடமைப்பட்டவள், தேவைப்பட்டால் நீதிமன்றத்திலும். மாமிக்கு வயது போய்விட்டது. கொழும்புக்குக் கண் சத்திரசிகிச்சைக்குப் போவதற்கு இந்தப் பணத்தைத்தான் பார்த்திருக்கிறார். வண்டி விற்கும்வரை கணக்கை முடிக்க முடியாது. கணக்கு முடியாமல் கனடா வருமானவரித் திணைக்களத்திடம், வரி நிலுவை இல்லை என்று காட்டும் இறுதி அனுமதிச் சான்றிதழ் கேட்க முடியாது. அது கையில் வராமல் பணத்தைப் பிரித்துக் கொடுத்தால், பின்னர் வரி நிலுவை ஏதும் வந்தால் நானே என் பையிலிருந்து கட்ட வேண்டிவரும். உங்கள் வளவில் செய்யாமல் விட்ட ஒரு பிற்பகல் வேலை இத்தனை பேரைக் காக்க வைத்திருக்கிறது.

ஆகவே நான் கேட்பது இதுதான். இணைத்துள்ள மதிப்பீட்டின்படி பம்பு, சுடுநீர்த் தாங்கி, கழிப்பறை வால்வு, குழாய்கள், தரை ஆகியவற்றைத் திருத்தும் செலவு 6,840 டொலர். அதையும், இரண்டு புதிய பற்றரிகளின் விலையையும் நீங்கள் ஏற்க வேண்டும். செய்யாத குளிர்காலப் பராமரிப்புக்கும் பற்றரி பராமரிப்புக்கும் வாங்கிய பணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும். சேதத்தை எழுத்தில் அறிவித்த நாளுக்குப் பிறகு போட்ட தரிப்பிடக் கட்டணத்தையும் தாமதக் கட்டணத்தையும் நீக்க வேண்டும். அந்த நாட்களில் வண்டியை எடுத்துப்போக முடியாமல் இருந்ததற்குக் காரணம் நீங்கள். திருத்த வேலையை உங்கள் கராஜில் செய்ய நான் சம்மதிக்கவில்லை. கணக்கைப் பெரியப்பாவின் சொத்துப் பொறுப்பாளர் என்ற வகையில் என் பெயருக்கு மாற்றுங்கள். இனிமேல் எந்தக் கடிதமும் அவர் பெயரை விளித்து எங்கள் வீட்டுக்கு வரக்கூடாது. அம்மாதான் தபால்பெட்டியைத் திறப்பவர்.

வண்டியைத் தடுத்துவைப்பது பற்றி எச்சரித்தீர்கள். தரிப்பிடம் தருவோருக்குப் பற்றுரிமை, அதாவது கட்டணம் கட்டும்வரை பொருளைத் தடுத்துவைக்கும் உரிமை, தரும் ஒன்ராறியோச் சட்டம், கையில் இருக்கும் பொருளை நியாயமான கவனத்தோடு பாதுகாக்கும் கடமையையும் உங்கள் மேல் வைத்திருக்கிறது. பிணக்கில் உள்ள தொகையை நீதிமன்றத்தில் கட்டிவிட்டு வாகனத்தை மீட்கும் வழியையும் அதே சட்டம் எங்களுக்குத் தருகிறது. 2002ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தையும் சட்டத்தரணி ஆங்கிலக் கடிதத்தில் சுட்டியிருக்கிறார். இக்கடிதம் கிடைத்து 21 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். தொலைபேசிப் பதிலை ஏற்கமாட்டேன். பதில் வராவிட்டால் சிறு உரிமைக்கோரல் நீதிமன்றத்தில் வழக்குப் பதிவேன். அங்கே 50,000 டொலர் வரை கோரலாம். எங்கள் கோரிக்கை அதற்குள் அடங்கும்.

வேலைப் பத்திரம், நவம்பர் பில், மெக்கானிக்கின் அறிக்கையும் மதிப்பீடும், ஏப்ரலில் எடுத்த புகைப்படங்கள், நியமனச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளை இணைத்துள்ளேன். உடைந்த பம்பையும் வளைகுழாயையும் நாங்கள் எறியவில்லை. நீங்கள் பார்க்க விரும்பினால் மெக்கானிக்கிடம் நேரம் குறித்து வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
மரணசாசனப் பொறுப்பாளர்
(கையொப்பம்)