தாது வருஷத்துப் பக்கங்கள்: பெரியப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

குடும்ப வரலாற்றை அச்சுக்குக் கொடுக்க முடிவு செய்துவிட்டேன். பெரும் பஞ்சம் வந்த தாது வருஷத்தில் (1876-77) எழுதிய நம் மண்டிக் கணக்குப் பேரேட்டின் பக்கங்களும் அதில் இருக்கும். தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவீர்கள். நேரில் வந்தால் பெரியம்மா நம் இருவருக்கும் நடுவில் நின்று வருந்த வேண்டியிருக்கும். பங்காளிகள் பலரும் படிப்பார்கள் என்று தெரிந்தே இங்கே எழுதுகிறேன். ஆகவே அந்த வருஷம் நமக்குக் கிரயமான நிலங்கள் எந்த ஊரில் இருந்தன, இன்று யார் கையில் இருக்கின்றன என்பது பற்றி இக்கடிதத்தில் ஒரு வரியும் வராது.

பேரேடு படிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நம் தானிய மண்டியின் பின்கட்டில், கம்பு மூட்டைகளுக்கு நடுவே உட்காரவைத்து, பிள்ளையார் சுழிக்குக் கீழே புள்ளியில்லாமல் ஓடும் எழுத்தையும், தமிழ் எண்களையும், கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கும் பின்னங்களையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினீர்கள். பித்தளைப் பூண் போட்ட படியை என் கையில் கொடுத்து, முதல் படியை 'ஒன்று' என்று சொல்லக் கூடாது, 'லாபம்' என்று தொடங்கித்தான் 'இரண்டு, மூன்று' என்று எண்ண வேண்டும் என்றீர்கள். அன்று 'கஞ்சித்தொட்டிக்கு ராகி' என்ற பற்றுவரிகளை வாசித்தபோது உங்கள் குரல் தழுதழுத்தது. பஞ்சத்தில் ஊருக்கே கஞ்சி ஊற்றிய பாட்டனாரின் வம்சம் நாம் என்றீர்கள். அடுத்த தாளைப் புரட்ட விரலை நாக்கில் தொட்டுக்கொண்டவர், இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டினீர்கள். நான் பார்த்தேன். கேட்கவில்லை, கேட்கக்கூடிய வயதும் அல்ல.

அந்த இரண்டு தாள்களில் இருப்பது உங்களுக்குத் தெரியும். கஞ்சி ஊற்றியது பொய்யல்ல. ஆனால் அதே கையெழுத்தில், அதே மார்கழித் தேதியில், கஞ்சித்தொட்டிக்கு அளந்த ராகிக்கு நான்கு வரி கீழே, சேமித்து வைத்திருந்த தானியக் குழியைத் திறந்து எடுத்த ராகி ஆடி மாத விலையைப் போல் மூன்று மடங்குக்கு விற்ற வரவும், கடன்பட்டவர் ஒருவரின் புஞ்சைக்குப் பத்திரம் எழுதிய செலவும் இருக்கின்றன.

பாட்டனாரைக் கூண்டில் ஏற்றுவதற்காக நான் இதைச் செய்யவில்லை. 1876-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது தானிய விலையில் தலையிடக் கூடாது என்பதுதான் அரசின் கொள்கையாக இருந்தது. சென்னை அரசாங்கம் ரகசியமாக 30,000 டன் தானியம் வாங்கியதையே வைஸ்ராய் லிட்டனின் அரசு தனியார் வணிகத்தில் குறுக்கிடுவதாகக் கண்டித்தது. 1877-இல் பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் வந்து, நிவாரண வேலை செய்பவருக்கு நாளுக்கு ஒரு ராத்தல் (அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு) தானியம் போதும் என்ற கணக்கில் கூலியைக் குறைத்தார். இதைத் தின்று மனிதன் மண் சுமக்க முடியாது என்று சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். தந்தி விலையை உடனுக்குடன் சொல்ல, ரயில் தானியத்தை விலை ஏறிய இடத்துக்குக் கொண்டுபோன காலத்தில், பாட்டனார் மட்டும் தனியாக ஒரு விலை வைத்திருக்க முடியுமா என்று நானே எனக்குள் அவருக்காக வாதாடியிருக்கிறேன். இவை எல்லாவற்றையும் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன். இருந்தும், 1871-இல் 19 லட்சத்துக்கு மேல் இருந்த சேலம் ஜில்லாவின் மக்கள்தொகை 1881-இல் 16 லட்சத்துக்கும் கீழே போனது. அந்த எண்ணுக்கும் நம் வரவுப் பத்திக்கும் தொடர்பில்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

உங்கள் மனம் நோகும். அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் கல்யாண வீட்டில் அத்தனை பேர் முன்னிலையில் என்னை உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்பவன் என்றீர்களே, அது இன்னும் ஆறவில்லை. நான் படித்த படிப்பு மண்டிப் பணத்தில் வந்தது என்பதை நீங்கள் நினைவூட்ட வேண்டியதில்லை. மண்டியை மூடிய அன்று, சொந்தப் பிள்ளைகள் இருக்க, பேரேடுகளைத் துணியில் கட்டி என்னிடம்தானே ஒப்படைத்தீர்கள்? மறைக்க வேண்டியவை என்றால் கரையானுக்கே விட்டிருக்கலாம். வேப்பிலை வைத்து, வருஷத்துக்கு ஒரு முறை வெயிலில் காயவைத்து, ஒரு தாள்கூடப் போகாமல் காத்தவர் நீங்கள். அந்த இரண்டு தாள்களையும் சேர்த்துத்தான் காத்தீர்கள்.

முன்னுரைக்கு முன்னால் நான்கு பக்கம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். நான் செய்வது தவறு என்றே நீங்கள் எழுதினாலும் ஒரு சொல் மாற்றாமல் அச்சிடுவேன். கண் தெரியவில்லையென்றால் பெரியம்மாவிடம் சொல்லி எழுதி வாங்குங்கள். பங்குனி முடிவதற்குள் வந்தால் போதும்; அதற்கு மேல் அச்சகத்தை என்னால் காக்க வைக்க முடியாது.

உங்கள் தம்பி மகன்