கீட்டோவை விடப்போகும் தோழிக்கு

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. எழுத உட்காரும்போதெல்லாம் யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள். இன்று வீட்டில் யாரும் இல்லை, அதனால் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்.

முதலில் என் செய்தி. பெரியவன் வேலை மாறிவிட்டான். சம்பளம் கொஞ்சம் குறைவு, ஆனால் ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறான். சின்னவளுக்கு இது கடைசி வருடம், அதனால் பேச்சே கிடையாது, பாதி நாள் கதவு சாத்தியிருக்கிறது. எனக்கு முழங்கால் வலி நன்றாகக் குறைந்துவிட்டது. படியேறும்போது கைப்பிடியைத் தேடுவதில்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். மாவுச்சத்தை ஏறக்குறைய ஒதுக்கிவிட்டுக் கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடும் கீட்டோ டயட்டில் 14 கிலோ குறைத்தாய். இப்போது இரண்டு மாதமாக எடை மெஷினின் முள் நகரவில்லை. அதை விட்டுவிட்டு, கொழுப்பைக் குறைத்து முழுக்கத் தாவர உணவுக்குப் போகலாமா, இல்லை உன் நாத்தனார் சொல்வதுபோல் குறைந்ததெல்லாம் திரும்ப வந்துவிடுமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக மாறு. நானும் அப்படி மாறியவள்தான். ஆனால் முதல் வாரத்திலேயே எடை ஏறும், அதைத் தெரிந்துகொண்டு மாறு.

ஏறுவது கொழுப்பு இல்லை. நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு கிளைக்கோஜனாக மாற்றித் தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைக்கிறது. மொத்தமாக 400, 500 கிராம் இருக்கும். அதன் ஒவ்வொரு கிராமோடும் 3 கிராம் அளவுக்குத் தண்ணீரும் சேர்ந்தே இருக்கும். கீட்டோ ஆரம்பித்த புதிதில் சர்ரென்று எடை இறங்கியது என்று குதித்துக்கொண்டு போன் பண்ணினாயே, அதில் பெரும்பகுதி இந்தத் தண்ணீர்தான். மாவுச்சத்து திரும்பியதும் அதுவும் திரும்பி வரும். ஒரு கிலோ, ஒன்றரை கிலோ, சிலருக்கு இரண்டு. ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமென்றால் தேவைக்கு மேல் ஏறக்குறைய 7,700 கலோரி சாப்பிட்டாக வேண்டும். இரண்டே நாளில் அது சாதாரணமாக யாராலும் முடியாது. உன் நாத்தனார் பார்த்துப் பயந்ததும் இந்தத் தண்ணீரைத்தான் என்பது என் சந்தேகம். என்னைக் கேட்டால், மாறும் அன்று காலை ஒருமுறை எடை பார்த்துவிட்டு மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடு. மூன்று வாரம் கழித்துப் பார்க்கும் எடைதான் உன் புதிய கணக்கின் தொடக்கம். அதுவரை இடுப்புக்கு இஞ்சு டேப் போதும்.

நீ செய்யப்போகும் இதே மாற்றத்தை ஆராய்ச்சியாகவே செய்து பார்த்திருக்கிறார்கள் தெரியுமா? அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்ற ஆராய்ச்சியாளரின் குழு 20 பேரை நான்கு வாரம் அங்கேயே தங்கவைத்தது. இரண்டு வாரம் கீட்டோ, இரண்டு வாரம் கொழுப்பு குறைந்த தாவர உணவு. சிலருக்கு இது முதலில், சிலருக்கு அது முதலில். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். 2021ல் முடிவை வெளியிட்டார்கள். தாவர உணவில் இருந்தபோது அவர்கள் நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 690 கலோரி குறைவாகச் சாப்பிட்டிருக்கிறார்கள், அதுவும் கூடுதலாகப் பசிக்கிறது என்று சொல்லாமல். எடை இரண்டிலும் குறைந்தது. உடம்பின் கொழுப்பு குறிப்பிடும்படியாகக் குறைந்தது தாவர உணவில் மட்டும். ஆனால் சாப்பிட்ட பிறகு ரத்தச் சர்க்கரை அதிகம் ஏறியதும் அதில்தான். அதை அப்புறம் சொல்கிறேன்.

இதை வைத்துக் கீட்டோ தோற்றுவிட்டது என்று நினைத்துவிடாதே. இரண்டு வாரம் சின்னக் காலம். ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோஃபர் கார்ட்னர் குழு 609 பேரை ஒரு வருடம் கவனித்து 2018ல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பைக் குறைத்தவர்களுக்கும் மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கும் சராசரியில் பெரிய வித்தியாசமே இல்லை. ஒரு பக்கம் 5.3 கிலோ, மறுபக்கம் 6 கிலோ. எனக்குச் சுவாரசியமாக இருந்தது வேறு. ஒரே டயட்டில் இருந்தவர்களுக்குள்ளேயே 25 கிலோவுக்கு மேல் இறங்கியவர்களும் இருந்தார்கள், எடை ஏறியவர்களும் இருந்தார்கள். ஆகவே எது சிறந்தது என்று வாட்ஸப்பில் அடித்துக்கொள்பவர்களை விட்டுவிட்டு, உனக்கு எது அலுக்காமல் ஓடுகிறது என்று பார்.

முள் நின்றுபோனதற்குக் கீட்டோவைக் குற்றம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. 14 கிலோ குறைந்த உடம்புக்கு முன்பு தேவைப்பட்ட அளவு சாப்பாடு இப்போது தேவையில்லை. போதாக்குறைக்குப் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் எடை குறைந்து ஒரு வருடம் ஆன பிறகும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை என்று 2011ல் ஓர் ஆய்வு காட்டியது. எந்த டயட்டிலும் இந்தக் கட்டம் வரும். புதியதில் கிடைக்கும் லாபம், விதிகள் புதிது என்பதால் தட்டைக் கவனித்துச் சாப்பிடுவோம் என்பதுதான். அது சின்ன லாபம் இல்லை.

நீ ராத்திரி படுத்துக்கொண்டு கேக் செய்யும் வீடியோக்களாகப் பார்ப்பதாக எழுதியிருந்ததைச் சிரிப்பாக நினைத்துத் தாண்ட முடியவில்லை. 1944-45ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார். அவர்களில் சிலர் சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் அளவுக்கு நீ பட்டினி கிடக்கவில்லை, இருந்தாலும் உடம்பு போதும் என்கிறதோ என்று தோன்றுகிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல், நடுவில் நான்கைந்து வாரம் எடை குறையவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம் என்று வயிறாரச் சாப்பிடேன். யாரும் உன்னைத் துரத்தவில்லையே.

மாறும்போது அரைகுறையாக மட்டும் மாறாதே. பழைய வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் தட்டில் இருக்க, புதிதாக ரொட்டியும் உருளைக்கிழங்கும் வந்து சேர்ந்தால் அது இரண்டு டயட்டும் இல்லை, சாதாரண விருந்து. இதற்கு நேர்மாறானதும் உண்டு. கீட்டோவின் பயத்தில் தானியம் கூடாது, பழம் கூடாது, தாவர உணவு என்பதால் முட்டை கூடாது, பால் கூடாது என்று இரண்டு பக்கத் தடைகளையும் சேர்த்துக்கொண்டு கடைசியில் இலைகளை மென்றுகொண்டிருப்பது. புதிதாக மதம் மாறியவர்களைப் போல நேற்று வரை சாப்பிட்டதை இன்று விஷம் என்று திட்டுபவர்களும் இருக்கிறார்கள். அந்த வேலையும் வேண்டாம்.

முதல் சில நாள் சாயங்காலம் அகோரப் பசி எடுக்கும், எனக்கு எடுத்தது. கீட்டோவில் சாப்பாட்டு நினைப்பே இல்லாமல் மதியம் வரை இருந்த சுகம் எனக்கு இன்னும் ஏக்கமாகத்தான் இருக்கிறது. பயறும் பருப்பும் தினமும் இருக்கட்டும், புரதம் குறைந்தால் தசைதான் கரையும். ஆனால் நார்ச்சத்தை ஒரேயடியாகக் கூட்டாதே, வயிறு உப்பிச் சங்கடப்படுவாய். பி12 வைட்டமின் தாவர உணவில் கிடைக்காது, மாத்திரை கட்டாயம்.

கடைசியாக, அண்ணாவும் உன்னோடு மாறப்போகிறார் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். எனக்கு அதுதான் கவலை. கீட்டோவுக்குப் போனபோது அவருடைய சர்க்கரை மாத்திரையின் அளவை மருத்துவர் குறைத்தார் அல்லவா? மாவுச்சத்து திரும்பினால் அந்தக் கணக்கும் மாறும். நீ திங்கட்கிழமை தொடங்கினாலும் சரி, அவர் மருத்துவரைப் பார்த்துவிட்டு மட்டும் தொடங்கட்டும். வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவிக்குப் பட்டை இருக்கிறதா என்று பார்த்து வை. உனக்கும் அப்படியே ஒரு கொலஸ்ட்ரால் பரிசோதனை எடுத்துவிடு. மாறுவதற்கு முன்பு ஒன்று, மூன்று மாதம் கழித்து ஒன்று. இரண்டின் முடிவையும் எனக்கு அனுப்பு, என்னுடையதையும் அனுப்புகிறேன்.

மருத்துவர் என்ன சொன்னார் என்று உடனே எழுது. தொளதொளத்துப்போன உன் பழைய உடைகளைத் தூக்கிப் போட்டுவிடாதே, அந்தப் பச்சை நிறத்தது எனக்குச் சரியாக இருக்கும்.

அன்புடன்,
கீதா